முடிச்சுக்கு அப்பால்

1934ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் தேதி, திங்கட்கிழமை காலை, சென்னை புரசைவாக்கத்தில் ஒரு டாக்டர் சொந்தமாக நடத்திவந்த சிறிய மருத்துவமனையில், தென்காசித் தாலுகா மேலகரத்தைச் சேர்ந்த நிலக்கிழார் இசக்கிப்பாண்டி, வயது ஐம்பத்திரண்டு, தமது விந்துக் குழாய்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டு அடைத்துக்கொண்டார்.

ஊரில் ஓதம், அதாவது விரைவீக்கம், எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். மேற்கொண்டு விசாரிக்க யாரும் கூச்சப்படும் நோய் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார். உண்மையில் அவருக்கு நோய் எதுவும் இல்லை. மனைவி ஆவுடைத்தாய் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மகன்கள் இருவரும் தலையெடுத்துவிட்டார்கள். மூத்தவன் மந்திரமூர்த்திக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. அந்த வைகாசிக் கடைசியில் இசக்கிப்பாண்டி வாசுதேவநல்லூரில் இரண்டாம் தாரமாக ஒரு பெண்ணைக் கட்டுவதென்று நிச்சயமாகியிருந்தது. பெண்ணுக்கு இருபத்தொரு வயது. சவரத்துக்கு உட்கார்ந்து கண்ணாடியில் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இருபத்தொன்று அவர் நினைவுக்கு வந்தது.

ஐரோப்பாவில் ஒரு வைத்தியம் நடக்கிறதென்று பத்திரிகையில் படித்திருந்தார். குழாயைக் கட்டிவிட்டால் வெளியே போகிற சத்து உடம்பிலேயே தங்கும், ரத்தத்தில் கலக்கும், நரைத்தவன் வாலிபனாவான் என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் படித்தவர்கள் பலர் இதை நம்பினார்கள். சென்னையிலும் ஒருவர் செய்கிறார் என்று கேள்விப்பட்டதும் இசக்கிப்பாண்டி ரயிலேறினார்.

டாக்டர் நிதானமான மனிதர். பென்சிலை எடுத்து ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்.

“விதையிலே உண்டாகிறப்போ அது வெறும் பிஞ்சு, மிஸ்டர் பாண்டி. தானா நகரத் தெரியாது. கருவைத் தேடிப் போகவும் தெரியாது. இதோ பாருங்க, விதைக்கு மேலே ஒட்டிக்கிட்டு ஒரு சுருள் குழாய். நூல்கண்டு மாதிரி. இதுக்குள்ளே நாள்கணக்கா ஊர்ந்து வரும். வர்ற வழியிலேதான் பழுக்குது. கடைசிக்கு வந்து சேர்றப்போ நீந்தக் கத்துக்கிட்டிருக்கும்.”

“இத்தனூண்டு குழாயிலயா?”

“பிரிச்சு நீட்டினா இந்த ரூமைத் தாண்டி வராந்தாவுக்குப் போயிடும். மாட்டுக்கு இன்னும் நீளம். பால் குடிச்சு வளர்ற ஜாதிக்கெல்லாம் அநேகமா இதே ஏற்பாடுதான்.”

“நீங்க எங்கன கட்டுவிய?”

பென்சில் சுருளைத் தாண்டி மேலே போகும் நேர்க்குழாயின் குறுக்கே ஒரு கோடு கிழித்தது. “இங்கே. உங்க பக்கத்திலே மடை அடைப்பாங்களே, அந்த மாதிரி. இன்னியிலேர்ந்து இதைத் தாண்டி ஒண்ணும் போகாது. பிள்ளை பிறக்காது. அதை யோசிச்சீங்களா?”

“ரெண்டு பயலுவ இருக்கானுவ. இருக்க நெலம் பத்தாதுன்னு அவனுவளே மொகத்தத் தூக்கிட்டு அலையுதானுவ. பிள்ளை வேண்டாம்.”

“கட்டிக்கப்போற பொண்ணு?”

“அது எங்க வீட்டுக் காரியம்.”

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார்.

*

கல்யாணம் முடிந்த கையோடு இசக்கிப்பாண்டி வடிவம்மாளைக் குற்றாலத்துக்கு அழைத்துப்போனார். ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு பழைய பங்களாவை சீசன் முடியும்வரை வாடகைக்குப் பிடித்திருந்தார். பின்பக்கம் மலை. ஓடுகளில் பாசி. சுவரைத் தொட்டால் கை ஈரமாகும். சமையலுக்கும் காவலுக்கும் பேராச்சி என்று ஒரு விதவை, பின்கட்டில் குடியிருந்தாள். எண்ணெய் தேய்த்துவிட மட்டும் பிச்சையா என்பவன் அருவிக்கரைக்கு வருவான். பங்களாப் பக்கம் அவன் வந்ததே இல்லை.

வந்த சில நாளிலேயே வடிவம்மாள் விலக்காகிப் பின்கட்டில் ஒதுங்கியிருந்தாள். பிறகு தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்தாள். இது அப்போது அவருக்குச் சின்ன விஷயம். பின்னால் அவர் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்த விஷயம் இதுதான்.

அவர் பயந்ததுபோல அவள் ஒடுங்கிக் கிடக்கிற பெண்ணாக இல்லை. சாரலில் நனைந்துகொண்டே மங்குஸ்தான் பழத்தை உடைத்துத் தின்பாள். குரங்கு தட்டிப் பறித்தால் அதோடு சண்டைக்கு நிற்பாள்.

“மீசைக்கு மை பூசிருக்கியளே, சாரல்ல எறங்கி வழியுது பாத்தியளா?” என்று ஒருநாள் முந்தானையால் அவர் உதட்டோரத்தைத் துடைத்தாள்.

“ஏட்டி, யாராவது பாக்கப் போறாவ.”

“பாக்கட்டும். கட்டுன புருசன் மீசையத்தான தொடைக்கேன். கறுப்பா வச்சிருந்தா கொமரன்னு நெனச்சுக்கிடுவேனா? வெள்ளை மீசையே நல்லாத்தான் இருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஓதம் எடுத்த எடம் வலிக்கா?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றார்.

வாலிபம் திரும்பியதோ இல்லையோ, அந்தச் சீசனில் அவருக்கு மனம் லேசாக இருந்தது. அவளை விட்டு அசையவில்லை. அருவிக்குப் போனாலும் சேர்ந்தே போனார்கள். பெண்கள் துறையில் அவள் குளித்து முடிக்கும்வரை குடை பிடித்துக்கொண்டு இவர் படியில் நிற்பார். தென்காசியிலிருந்து தேடிவந்த இரண்டு பேரையும் வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார்.

ஆவணியில், மேலகரத்து வீட்டில், நாற்றுக்கட்டுக்கு ஆள் சொல்லிவிட்டு அவர் உள்ளே வந்தபோது வடிவம்மாள் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

“நாள் தள்ளிப் போயிருக்கு.”

“என்ன நாள்?”

“என்ன நாளுன்னா கேக்கிய? குத்தாலத்துல நின்னதுதான். பெறகு வரல.” அவள் சிரித்தாள்.

அவர் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். அது சாய்ந்து உருண்டது. தண்ணீர் அவர் காலைச் சுற்றி ஓடியது. சந்தோஷத்தில் கை தவறிவிட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

*

செய்தி பரவியது. தென்காசி ரத வீதியில் அவரைப் பார்த்தவர்கள் எல்லாம் நின்று பேசினார்கள்.

“அண்ணாச்சி, சும்மா சொல்லப்படாது. நாங்கல்லாம் வருசா வருசம் அருவியில போயித் தலையக் குடுக்கோம். ஒங்களுக்குத்தான் தண்ணி வேலை செஞ்சிருக்கு.”

“ஓதம் எடுத்த டாக்டரு விலாசத்தக் குடும். நானும் போயி எடுத்துட்டு வாரேன்.”

சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தார். மந்திரமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்தபடி தின்றுவிட்டு எழுந்து போனான். அவனிடமாவது உண்மையைச் சொல்லலாமா என்று இசக்கிப்பாண்டிக்குத் தோன்றியது. எதைச் சொல்வது? ஐம்பத்திரண்டு வயதில் வாலிபம் வாங்க மதராசுக்குப் போனேன் என்றா? இரண்டு அறுவடைக் காலத்துக்கு ஊர் அதையே சொல்லிச் சிரிக்கும். அதனால் வாயைத் திறக்கவில்லை. உலகத்தில் அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது: அந்தப் பிள்ளை அவருடையதாக இருக்க முடியாது.

அப்படியென்றால் யாருடையது?

கல்யாணத்துக்கு முன்னால் என்று நினைக்க வழியில்லை. குற்றாலத்தில் அவள் விலக்காகியிருந்ததை அவரே பார்த்தார். மேலகரம் வந்த பிறகு என்றும் நினைக்க வழியில்லை. கணக்கு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்தப் பங்களாவில், அந்த நாட்களுக்குள், அவர் கண்முன்னால்தான் நடந்திருக்க வேண்டும். மனசுக்குள் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார். எண்ணெய்க்காரன் பங்களாவுக்கு வரவில்லை. வந்த விருந்தாளிகள் வாசல் தாண்டவில்லை. பால் கொண்டுவந்தவள் பெண். ஓர் ஆண் நுழைய ஓர் ஊசி முனை இடம்கூட அந்த நாட்களில் இல்லை. அவர்தான் நகரவேயில்லையே.

ஆள் கிடைத்திருந்தால் அவருக்கு ஒருவேளை எளிதாக இருந்திருக்கும். அடித்திருப்பார், வழக்குப் போட்டிருப்பார், அல்லது அழுது தீர்த்திருப்பார். ஆள் கிடைக்காததால் அந்த வெற்றிடத்தில் ஓர் ஆள் தானாக உருவாக ஆரம்பித்தான். அவனுக்கு முகம் இல்லை. உடம்பில் அருவித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எண்ணெயும் பாசியும் கலந்த வாடை. அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கையில் அவன் அடுத்த அறையில் நின்றான். வடிவம்மாள் ஏதோ நினைத்துத் தனக்குள் சிரித்தால் அவன் அவளிடம் ஏதோ சொன்னான் என்று தோன்றியது. வயிறு மெல்ல மேடிட மேடிட, அவன் இந்த வீட்டில் அவரைவிட உரிமையோடு நடமாடினான்.

பேய் பிசாசை நம்பாதவர் என்று பெயரெடுத்தவர் இசக்கிப்பாண்டி. கோயில் கொடைக்குக் காசு கொடுப்பார், சாமியாடுகிறவரிடம் குறி கேட்கமாட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தபோது தனியாகக் குற்றாலம் போனார். சீசன் கூட்டம் போய் ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. பங்களாவில் பேராச்சி மட்டும் இருந்தாள்.

“எசமானா? மழையில நனைஞ்சு வந்திருக்கியளே. அம்மா சொகமா இருக்காவளா? உண்டாயிருக்காவன்னு கேள்விப்பட்டேன்.”

அவர் நேராகக் கேட்டார். “நாங்க இங்கன இருக்கும்போது யாரும் வந்தாவளா?”

“எப்பம்?”

“எப்பமாவது. நான் இல்லாத நேரத்துல.”

பேராச்சி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். “நீங்க இல்லாத நேரம் எங்க எசமான் இருந்துச்சு? அந்தம்மாவ விட்டு நீங்க எங்கன நகந்திய? சாப்பிட்ட ஏனம் எடுக்க வாரதுக்கு நான் நடையில நின்னு இருமிட்டுல்லா உள்ள வந்தேன். தொண்டை வலியே வந்துபோச்சு.”

“கிண்டல் பண்ணாத.”

“கிண்டல் இல்ல, உள்ளதச் சொல்லுதேன்.” அவர் முகம் மாறுவதைப் பார்த்து அவளும் குரலை மாற்றிக்கொண்டாள். “எதுக்குக் கேக்கிய? அம்மா பயந்துகிட்டாவளா? கர்ப்பத்துல மெரண்டாவளா? அருவியில முடிய விரிச்சுப் போட்டுக் குளிச்சா எதுவும் அண்டும்பாவ. மலையில கெடக்குறது தண்ணியோட எறங்கும். நான் பாத்ததில்ல. சொல்லுவாவ.”

அவர் அறைக்குப் போனார். கட்டில் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சன்னலைத் திறந்தார். மலை முழுக்க மேகத்தில் மூடிக் கிடந்தது. தண்ணீர் விழும் இரைச்சல் மட்டும் கேட்டது. திரும்பியபோது தரையில் ஈரக் கால்தடம் தெரிந்தது. வாசலிலிருந்து நடைவழியாக, கட்டில் இருந்த இடம்வரை, ஒன்றன்பின் ஒன்றாக.

கிட்டே போய், ஒரு தடத்தின் மேல் தம் காலை வைத்தார். சுண்டுவிரல்வரை பொருந்தியது.

அது தாம் உள்ளே வந்த தடம்தான் என்பது சற்றுக் கழித்துத்தான் உறைத்தது. ஆனாலும் அந்தத் தடம் பொருந்திய விதம் அவர் மனதை விட்டுப் போகவில்லை. வந்தவனுக்குத் தம்முடைய கால். யார் கண்டது, தம்முடைய உருவமாகவும் இருக்கலாம். பக்கத்தில் தாம் அயர்ந்திருந்த ஏதோ ஒரு பகல் வேளையில், தம்மைப்போலவே ஒன்று சொட்டச் சொட்ட உள்ளே வந்திருக்கிறது. அவளுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. அவள் மேல் குற்றமில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியது அவருக்கு ஆறுதலாக இல்லை. பிள்ளையைப் பற்றிய பயம்தான் கூடியது.

*

தை மாதம் வளைகாப்பு வைத்தார்கள். வாசுதேவநல்லூரிலிருந்து வடிவம்மாளின் அண்ணன் தங்கசாமி, போலீஸ் கான்ஸ்டபிள், லீவு போட்டு வந்திருந்தான். கட்டுச்சோற்றுக்கான சாமான்கள், வளையல்கள், பட்டுப்புடவை எல்லாம் வில்வண்டியில் வந்திறங்கின. பெண்கள் கூடத்தில் சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தார்கள். இசக்கிப்பாண்டி வடிவம்மாளை உள்ளறைக்குக் கூப்பிட்டார்.

“நீ ஒன் அண்ணன்கூட ஊருக்குப் போ.”

“வளையல் போட்டதும் போகத்தான போறேன். பிள்ளை பெத்துட்டு வாரேன்.”

“வர வேண்டாம்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“பிள்ளை என்னுது இல்ல” என்றார்.

வெளியே யாரோ சிரித்தார்கள். சந்தனக்கல் உரசுகிற சத்தம் கேட்டது. வடிவம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

“யாரு?” என்று கேட்டாள். “யாருன்னு ஒரு பேரச் சொல்லுங்க. அந்த ஆள நிறுத்துங்க. நான் கேக்கேன்.”

“ஆளு யாருன்னு தெரியல.”

“தெரியாமலா சொல்லுதிய?”

“ஆளே இல்ல.”

“ஆளு இல்லாம பிள்ளை எப்படி வரும்?” அவள் குரல் உயரவில்லை. “ஆளு இல்லைன்னா என்ன அர்த்தம்? பேயா?”

அவர் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சென்னை, டாக்டர், பென்சில் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. கூடத்திலிருந்து மந்திரமூர்த்தியின் குரல் கேட்டது. அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். அந்த மௌனத்தை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

“பேய் பிள்ளைன்னு நெனைக்கிய” என்றாள். “கூடவே இருந்துட்டு, குடை பிடிச்சுட்டு நின்னுட்டு, பேய் பிள்ளைங்கிய.”

வளைகாப்பு நடக்கவில்லை. நாள் சரியில்லை, ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெண்களிடம் ஏதோ சொல்லப்பட்டது. தங்கசாமி தங்கை முகத்தைப் பார்த்தே வண்டியைத் திருப்பச் சொன்னான். வண்டி நகரும்போது வடிவம்மாள் வளையல் கூடையை மடியில் எடுத்து வைத்து, தன் கையில் தானே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் போன பிறகு வீட்டில் அந்த முகமில்லாதவன் இருக்கமாட்டான் என்று இசக்கிப்பாண்டி எண்ணியிருந்தார். இருந்தான். நெல் அறுத்து வந்து, களம் நிறைந்து, வீட்டில் ஆளும் சத்தமுமாக இருந்த நாட்களிலும் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் நிற்கிற ஒருவன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றான். பங்குனியில் ஒருநாள், வாசுதேவநல்லூர் வழியாகப் போய்வரும் பஸ் டிரைவர் தென்காசிக் காப்பிக்கடையில் வைத்துச் சொன்னான்: “அண்ணாச்சி, பையனாமே. தாயும் பிள்ளையும் சொகம்னாவ. நீங்க இன்னும் போகலியோ?”

*

அறுப்பு முடிந்தால் இளங்காளைகளுக்குக் காயடிப்பது மேலகரத்துப் பண்ணையில் வழக்கம். கீழப்பாவூர் பக்கத்திலிருந்து அதற்கென்றே ஓர் ஆள் வருவான். மாட்டைக் கயிற்றால் கட்டிச் சாய்த்து, விதைக்கு மேலே இருக்கும் நரம்பை இரண்டு கம்புகளுக்கு நடுவில் கொடுத்து நசுக்குவான். தோல் கிழியாது; உள்ளே வழி அடைந்துபோகும். விதை நாளடைவில் சூம்பிவிடும். இசக்கிப்பாண்டி களத்து வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்து இதைப் பார்ப்பார். அவர் அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்து பார்த்தார்.

அந்த வருஷம் பலவேசம் என்று ஒரு புதுப் பண்ணையாள் சேர்ந்திருந்தான். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் மர அறுப்பு வேலையில் இருந்தவன். மாடு கண்ணு பழக்கம் குறைவு. காயடித்த காளை எழுந்து நின்று, கொஞ்சம் வைக்கோல் தின்றதும், அதை அவிழ்த்துப் பசுக்களோடு சேர்த்து ஓட்டப்போனான்.

“ஏலே, அத எங்க ஓட்டுத?” என்றார் இசக்கிப்பாண்டி.

“கொளத்துப் பொறத்துக்கு, எசமான். மத்ததுகூடச் சேந்து மேயட்டும்.”

“கூறு இருக்காலே ஒனக்கு? புதுசாக் காயடிச்சத எவனாவது பசுமந்தையில விடுவானா? கொண்டு தனியாக் கட்டு. ரெண்டு அமாவாசை கழியட்டும்.”

“அதான் நசுக்கியாச்சுல்லா. இனி அதுக்கும் பசுவுக்கும் என்ன இருக்கு?”

காயடிக்கிறவன் சிரித்தான். இசக்கிப்பாண்டிக்கும் சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

“மரம் அறுக்கவன்ங்கது சரியாத்தாம்லே இருக்கு. நசுக்குன எடத்துக்குக் கீழதான அடைப்பு? அதுக்கு முந்தியே மேல ஏறுனது அங்கனயேதான கெடக்கும்? பழைய வித்துல்லா. அது முத்துன வித்து, உசிரோட கெடக்கும். அது தீருத மட்டுக்கும் மாடு காளைதான். முன்னாடி ஒருத்தன் இப்படித்தான் அசந்து விட்டுட்டு, காயடிச்ச மாட்டுக்கு ஒரு கன்னு...”

அதோடு நின்றுவிட்டார்.

பலவேசம் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தான். காயடிக்கிறவன் அடுத்த காளைக்குக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவன் கை நின்றது. எசமான் முகம் அப்படி மாறியிருந்தது.

“நான் என்னலே சொன்னேன்?” என்று கேட்டார்.

“ரெண்டு அமாவாசை தனியாக் கட்டச் சொன்னிய.”

“அதுக்குப் பெறகு?”

“முத்துன வித்து மேல உசிரோட கெடக்கும்னிய. அது தீருத மட்டுக்கும் காளைதான்னிய.”

அப்பா கண்ணை மூடிய வருஷத்திலிருந்து ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் அவர் சொல்லிவந்த உத்தரவு அது. சொல்வதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. மடை திறக்கச் சொல்வதுபோல வாய் தானாகச் சொல்லும். அந்த உத்தரவைத் தம் உடம்புக்கும் உரியதாக அவர் ஒருநாளும் எண்ணியதில்லை.

டாக்டரின் படம் இப்போது துல்லியமாக நினைவுக்கு வந்தது. சுருளில் ஊர்ந்து ஊர்ந்து பிஞ்சு பழுக்கிறது. பென்சில் கோடு விழுந்தது சுருளைத் தாண்டிய இடத்தில். கோட்டுக்குக் கீழே இருந்தது அங்கேயே நின்றுபோனது. கோட்டுக்கு மேலே, முடிச்சு விழும் முன்பே ஏறிப்போய்க் காத்துக் கிடந்தது என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை; ஒருவேளை அவரும் யோசிக்கவில்லை. மடையை அடைத்த பிறகும் வாய்க்காலில் நிற்கிற தண்ணீர் வயலுக்குத்தான் போகும். அதை மட்டும் யாரும் இசக்கிப்பாண்டிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பங்களாவில் ஈரத்தோடு நடந்த ஆளுக்கு இப்போது முகம் தெரிந்தது. முடிச்சு விழும் நாள் வரைக்கும் வாழ்ந்த இசக்கிப்பாண்டியின் முகம்.

*

மறுநாள் காலை பஸ் பிடித்தார். கடையநல்லூர், புளியங்குடி எல்லாம் வெயிலில் கழிந்தன. வாசுதேவநல்லூரில் இறங்கி நடந்து போனபோது தங்கசாமி காக்கி நிக்கரும் பனியனுமாக வாசலில் பெல்ட்டுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

“வாங்க அத்தான்னு சொல்ல மனசு வரல” என்றான். “நில்லுங்க. அவ வந்து சொல்லட்டும்.”

வடிவம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்தாள். இளைத்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. மந்திரமூர்த்திக்கும் அப்படித்தான், அவருக்கும் அப்படித்தான்.

“பிள்ளை என்னுதுதான்” என்றார் இசக்கிப்பாண்டி.

“அது எனக்குத் தெரியும்லா” என்றாள். “இதச் சொல்லவா பஸ் ஏறி வந்திய?”

சொல்ல ஆரம்பித்தார். சென்னைக்குப் போனது, ஓதம் இல்லை என்பது, டாக்டர் போட்ட படம், முடிச்சு, இனிமேல் பிறக்காது என்றது. அதனால்தான் அப்படி நினைத்தேன் என்றார். பிறகு களத்தில் நடந்தது, பலவேசத்திடம் தம் வாயாலேயே சொன்னது. எந்த மனிதரிடமும் சொல்லமுடியாது என்று இருந்ததை நடுவாசலில் நின்று கடைசிவரை சொல்லி முடித்தார். தங்கசாமி எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வடிவம்மாள் பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

“எப்பம் செஞ்சிய?”

“போன வைகாசியில.”

“கல்யாணத்துக்கு முந்தியா?”

“ஆமா.”

“நிச்சயம் பண்ணி, எனக்குப் பூ வச்சதுக்குப் பெறகு.”

“ஆமா.”

“இவளுக்குப் பிள்ளையே வேண்டாம்னு முடிச்சுப் போட்டுட்டு வந்துதான் எனக்கு முடிச்சுப் போட்டிய.” கழுத்துக் கயிற்றை அவள் விரல் தொட்டுக்கொண்டிருந்தது. “எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. குத்தாலத்துல வலிக்கான்னு கேட்டேன். அப்பம்கூடச் சொல்லல.”

“தப்புதான் வடிவு. பிள்ளையக் கூட்டிட்டு வீட்டுக்கு வா.”

“பேய் பிள்ளைன்னு சொன்னப்பம் புத்தி பெசகிப் போச்சு, வயசானவியல்லா, தெளிஞ்சா வருவாவன்னு இருந்தேன். அண்ணன் தாலியக் கழத்துன்னு சண்டை போட்டுச்சு. மாட்டேன்னேன். நீங்க என்னைச் சந்தேகப்பட்டதுக்கு ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்.” அவள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். “இப்பம் காரணத்தச் சொல்லிட்டிய.”

பிள்ளையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கழுத்து வெறுமையாக இருந்தது. மஞ்சள் கயிற்றை ஒரு வெற்றிலையில் வைத்து மடித்திருந்தாள். அதைப் படியில் வைத்தாள்.

“பஸ்ஸு மதியத்துக்கு ஒண்ணு உண்டு” என்றாள். “அதுல போங்க.”

இசக்கிப்பாண்டி வெற்றிலையை எடுத்துக்கொண்டு மதிய பஸ்ஸில் தென்காசி வந்து சேர்ந்தார். காயடித்த காளை சித்திரை அமாவாசை கழியும்வரை தனிக் கொட்டகையில் கட்டியிருந்தது. பிறகு வண்டியில் பூட்டிப் பழக்கினார்கள். வாசுதேவநல்லூரில் பையனுக்குச் சங்கிலிப்பாண்டி என்று வடிவம்மாளின் தகப்பனார் பெயரை வைத்தார்கள். 1941ஆம் ஆண்டு கார்த்திகையில் இசக்கிப்பாண்டி மேலகரத்தில் காலமானார். மந்திரமூர்த்தி கொள்ளி வைத்தான். வாசுதேவநல்லூருக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். யாரும் வரவில்லை.